களப்பணியை விட்டுப் போகலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏழு வருடங்களாகச் சமுதாய சுகாதாரக் கல்வியாளராக வேலை செய்கிறேன். வீடு வீடாகப் போய்க் கை கழுவுவது, தடுப்பூசி, சர்க்கரை நோய் பற்றியெல்லாம் பேசுவேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். அடுத்த மாதம் போனால் எதுவும் மாறியிருக்காது. இப்போது சுகாதாரக் கொள்கைக்காக வாதாடும் ஓர் அமைப்பில் வேலை கிடைத்திருக்கிறது. போனால் இந்த மக்களைக் கைவிட்டதாக ஆகிவிடுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

'எதுவும் மாறியிருக்காது' என்பதைத் தோல்வியாக எழுதியிருக்கிறீர்கள். ஏன் மாறவில்லை என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா? ஏழு வருடத்தில் நீங்கள் சம்பாதித்தது அதுதான்.

வங்கதேசத்தில் 1980இல் பிராக் என்ற தொண்டு அமைப்பு வீடு வீடாகப் பெண்களை அனுப்பியது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்பும் வெல்லமும் கரைத்த நீரை வீட்டிலேயே செய்து கொடுக்கத் தாய்மார்களுக்குக் கற்றுத்தர வேண்டும். பத்து வருடத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பிறகு போய்ச் சோதித்து, அதைப் பொறுத்தே கற்றுத்தந்தவருக்குச் சம்பளம். நினைவு நன்றாகவே இருந்தது. ஆனால் ஆரம்பத்தில் கரைசலைச் செய்து கொடுத்தவர்கள் மிகக் குறைவு. மக்களைக் குறைசொல்லி விட்டுவிடாமல் காரணம் தேடினார்கள். கற்றுத்தரப் போனவர்களிலேயே பலருக்கு அந்தக் கரைசலில் நம்பிக்கை இல்லை. வீட்டு ஆண்களிடமோ யாரும் பேசியிருக்கவில்லை. இரண்டையும் சரிசெய்தார்கள், பயன்பாடு கூடியது.

அப்படி ஒரு பட்டியல் உங்களிடமும் இருக்கும். கை கழுவச் சொன்ன வீட்டில் தண்ணீர் தினமும் வருகிறதா? தடுப்பூசி போடும் நேரமும் அந்தத் தாய் வேலைக்குப் போகும் நேரமும் ஒன்றா? இவற்றை அறிவுரையால் தீர்க்க முடியாது. குழாயையும் நேரத்தையும் மாற்றுகிறவர்களிடம் யாராவது போய்ப் பேசவேண்டும். 1854இல் லண்டனில் காலரா வந்தபோது, இறந்தவர்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் வீடு வீடாக விசாரித்தார். பெரும்பாலோர் குடித்தது ஒரே தெருப் பம்பின் தண்ணீரை. அதிகாரிகளிடம் போய் வாதாடியவரும் அவரே. மறுநாள் அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அவருக்கு இரண்டும் ஒரே வேலைதான்.

அதனால் தயங்காமல் போங்கள். ஆனால் அங்கே எல்லாம் ஒரே நாளில் நடக்காது. புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை பிரிட்டிஷ் ஆய்வாளர்களான டாலும் ஹில்லும் 1950லேயே எழுதிவிட்டார்கள். உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2003இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை பேர் விடாமல் மனு எழுதியிருப்பார்கள்!

சேரும்முன் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: மாதத்தில் சில நாட்கள் களத்துக்குப் போக அனுமதி. அப்புறம், மக்கள் உங்களிடம் சொன்ன காரணங்களையெல்லாம் யார் பெயரும் போடாமல் ஒரு நோட்டில் இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள். அதிகாரிகள் கூட்டம் நடந்தால், முடிந்தவரை அந்த மக்களில் ஒருவரையே பேசவையுங்கள். பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் போதும்.

கடைசியாகப் போகும் வீடுகளில், எங்கே போகிறீர்கள், எதற்காக என்று சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து, என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். பதில் சொல்ல நேரில் போங்கள்.