அம்மாவுக்காக ஆராய்ச்சி செய்யலாமா?

கேள்வி: எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி முடித்திருக்கிறேன். அம்மாவுக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. முதல் கீமோவில் கட்டி நன்றாகச் சுருங்கியது. ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்தபோது எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. அம்மா போய்விட்டார். முதலில் கேட்ட மருந்து பிறகு ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி இன்றும் என்னை விடவில்லை. புற்றுநோய் உயிரியலில் பிஎச்.டி. செய்ய நினைக்கிறேன். "அழுகையை வைத்துக்கொண்டு படிக்க முடியாதும்மா, வேலைக்குப் போ" என்கிறார் அப்பா. "நீட்டில் கிடைக்காத டாக்டர் பட்டத்தை இப்படி வாங்கப் பார்க்கிறாள்" என்கிறார் அத்தை. என் காரணம் தவறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: தவறே இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923இல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தை விடாமல் சுமந்துதான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கைகளோடு தொடங்கினார். இடையில் 31 வருடங்கள். துக்கம் ஒருவரை அவ்வளவு தூரம் நடத்தும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் அவர் கட்டியது மருத்துவமனை. நீங்கள் போக நினைப்பது ஆய்வகம். அங்கே நோயாளியின் முகத்தைப் பெரும்பாலும் பார்க்க மாட்டீர்கள். மார்பகப் புற்றுநோய் ஆய்வகம் என்றால் அநேகமாக எம்சிஎஃப்-7 என்ற செல்களைக் கையில் கொடுப்பார்கள். 1970களில் அமெரிக்காவில் ஒரு பெண் நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்தவை, இன்றும் உலகம் முழுக்கப் பெருகிக்கொண்டிருக்கின்றன. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அவற்றுக்கு மீடியா, அதாவது அவை வளரும் சத்துத் திரவம், மாற்ற வேண்டும், ஞாயிறு, பொங்கல் எல்லாம் பார்க்க முடியாது. திங்கட்கிழமை இன்குபேட்டரைத் திறந்தால் எல்லாத் தட்டிலும் கன்டாமினேஷன், வேண்டாத கிருமி புகுந்திருக்கும். செல்லில் ஒரு புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனைக்கு இரண்டு நாள் செலவழித்தும், அதைக் காட்டும் கோடு (பேண்ட்) ஒன்றும் வராது. மூன்றாம் வருடம் உங்கள் முடிவையே வேறொரு நாட்டுக் குழு முதலில் வெளியிட்டுவிடும். யாரும் சோம்பேறியாக இருந்து இப்படி ஆவதில்லை, வேலையின் இயல்பே இதுதான்.

அந்த நாட்களில் அம்மாவின் நினைவு மட்டும் போதாது. சில சமயம் அதுவே பாரமாகிவிடும். வீட்டில் ஒருவரை இழந்து, சபதம் போல ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வரும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு சோதனை தோற்றால் மற்றவர்களுக்கு அது ஒரு சோதனைதான். இவர்களுக்கு மட்டும் இறந்தவருக்குச் செய்த துரோகம் போலத் தோன்றும். உங்களைப் பற்றி எனக்குள்ள கவலை இது ஒன்றுதான்.

இனி உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரிக்கு வருகிறேன். "முதலில் கேட்ட மருந்து பிறகு ஏன் கேட்கவில்லை?" உங்கள் காரணம் இதுதான். "புற்றுநோயை ஒழிக்க வேண்டும்" என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் இவ்வளவு தைரியமாகப் போகச் சொல்லியிருக்க மாட்டேன்.

இதே கேள்வியை இன்னொரு புற்றுநோயில் கேட்டவர்களின் கதை ஒன்று இருக்கிறது. நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் ஒரு குரோமோசோம் வழக்கத்துக்கு மாறாகச் சிறிதாக இருப்பதை 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கண்டார்கள். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்த வினை அது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜேனட் ரௌலி 1973இல் காட்டினார். அந்த மாற்றத்தால் உருவாகும் தப்பான புரதத்தை அடைக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் சிலருக்கு நோய் திரும்பியது. முதலில் கேட்ட மருந்து ஏன் கேட்கவில்லை? அமெரிக்க ஆராய்ச்சியாளர் சார்லஸ் சாயர்ஸின் குழு அந்த நோயாளிகளின் செல்களையே எடுத்துப் பார்த்தது. மருந்து போய் உட்காரும் இடத்திலேயே புரதம் மாறியிருந்தது. மாறிய புரதங்கள் பலவற்றுக்கும் எதிராக வேலை செய்யும் டாசாட்டினிப் என்ற அடுத்த மருந்து 2006இல் வந்தது. 1960இல் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தவர்கள் யாரையும் குணப்படுத்தவில்லை. ஆனால் அவர்கள் அதைப் பார்த்திருக்காவிட்டால் இமாட்டினிப் மாத்திரையும் வந்திருக்காது. உங்கள் ஐந்து வருடமும் இதுபோன்ற நீண்ட வரிசையில் ஓர் இடம் பிடிக்கும். அந்த இடம் உங்களுக்குப் போதுமா என்று உங்களையே கேளுங்கள்.

அத்தைக்கு நீண்ட பதில் தேவையில்லை. பிஎச்.டி. டாக்டர் ஊசி போட முடியாது, மருந்து எழுத முடியாது. நோயாளியின் பக்கத்தில் இருப்பதுதான் உங்கள் மனம் தேடுவது என்றால் புற்றுநோய் நர்ஸிங், நோயாளிகளுக்கான மனநல ஆலோசனை, மருந்துப் பரிசோதனை ஒருங்கிணைப்பு என்று நேரான வழிகள் இருக்கின்றன. அவையும் பெரிய வேலைகளே.

அப்பாவின் பயம் வேறு. மனைவியை இழந்தவர், மகள் அதே நோயின் பெயரைத் தினமும் சொல்லிக்கொண்டிருப்பதைத் தாங்க முடியாமலும் இருக்கலாம். அவரிடம் கணக்கைச் சொல்லுங்கள். ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும் சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023 முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. உதவித்தொகை ஐந்து வருடத்துக்குத்தான். ஆராய்ச்சி பல நேரம் அதைத் தாண்டும், அப்போது மாணவர்களுக்கு என்ன வழி என்று சேரும் முன்பே கைடிடம் (ஆராய்ச்சி வழிகாட்டியிடம்) கேட்டுவிடுங்கள். அவருடைய பழைய மாணவர்களிடமும் தனியாகப் பேசுங்கள். எந்த நிறுவனம் என்பதைவிட எந்த கைடு என்பது முக்கியம்.

அதற்கு முன் ஆறு மாதமாவது செல்களை வளர்க்கும் ஒரு செல் கல்ச்சர் ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டன்டாக வேலை செய்யுங்கள். தோற்றுப்போன சோதனைக்குப் பிறகு, ஏன் தோற்றது என்று யோசித்தபடி பஸ் ஏறுகிறீர்களா, எப்போது இது முடியும் என்று ஏறுகிறீர்களா என்பது அந்த ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். நேர்முகத் தேர்வில் "ஏன் புற்றுநோய்?" என்று நிச்சயம் கேட்பார்கள். அம்மாவை மறைக்க வேண்டாம். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, உடனே உங்கள் கேள்விக்குப் போங்கள். மருந்துக்குக் கட்டுப்படாமல் போவது பற்றிப் படித்த இரண்டு மூன்று ஆய்வுக் கட்டுரைகளோடு போனால் பேச்சு தானே அங்கே திரும்பும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 41 வயதிலேயே மார்பகப் புற்றுநோய் வருவதற்குச் சில குடும்பங்களில் பரம்பரையாக வரும் பிஆர்சிஏ என்ற மரபணுவின் கோளாறு காரணமாக இருக்கும். உங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் என்று சொல்லவில்லை, பயப்படவும் வேண்டாம். ஆனால் அடையாறு உட்படப் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் இதற்கு மரபணு ஆலோசனை தருகிறார்கள். அம்மாவின் பயாப்சி அறிக்கையையும் சிகிச்சைக் கோப்பையும் எடுத்துக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். உடன்பிறந்த சகோதரி இருந்தால் அவரையும், முடிந்தால் சித்தி, பெரியம்மாவையும் கூட அழைத்துச் செல்லுங்கள். விண்ணப்பப் படிவம் நிரப்புவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.