எலுமிச்சைக் கிளையில் நுரைக்கூடு: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: எலுமிச்சை மரங்களைக் கவாத்து செய்தபோது, கிளைகளில் காய்ந்த நுரை போல் பழுப்புக் கட்டிகள் ஒட்டியிருந்தன. பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பூச்சியும் இருந்தது. தழையோடு சேர்த்து ஆடு தின்றுவிட்டால் விஷம் என்கிறார்கள். மருந்து அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. நீங்கள் பார்த்தது பெருமாள் பூச்சி. கும்பிடுபூச்சி என்றாலும் அதுதான். முன்சிறகின் ஓரத்தில் வெளிறிய புள்ளி ஒன்று இருந்தால், பெரும்பாலும் ஹைரோடுலா பேரினத்தைச் சேர்ந்தது. அதில் நம் பக்கத்துப் பெரிய இனத்தின் பெண் 8 சென்டிமீட்டர் வரை வளரும். விஷமும் இல்லை, கொடுக்கும் இல்லை. கையில் பிடித்தால் முன்காலின் முட்களால் கிள்ளும், அவ்வளவுதான்.

அந்தக் கட்டி அதன் முட்டைக்கூடு. வயிற்று நுனியில் சுரக்கும் பசையைப் பெண் பூச்சி நுரையாகக் கடைந்து, அதற்குள் வரிசையாக முட்டையிடும். நுரை பிறகு இறுகிவிடும். ஒரு கூட்டிலிருந்து நூறு குஞ்சுகளுக்கு மேல்கூட வரலாம். எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில், மெல்லிய இழையில் தொங்கியபடி வெளியே வரும். எறும்பு தின்றது போக, ஒன்றையொன்று தின்றது போக, தேறுவது சிலதான். கூட்டில் ஊசியால் குத்தியது போல் சிறு வட்டத் துளைகள் தெரிந்தால், பிற பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடும் ஒட்டுண்ணிக் குளவி முந்திக்கொண்டது என்று பொருள்.

பெருமாள் பூச்சிக்கு ஒரே ஒரு காதுதான், அதுவும் மார்பின் அடியில்! இரவில் பறக்கும்போது வௌவாலின் மீயொலி கேட்டால் சட்டென்று திசை மாறிக் கீழே பாய்ந்துவிடும்.

ஆனால், இது இருந்தால் போதும், பூச்சித் தொல்லை தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கம்பளிப்புழுவைத் தின்கிற அதே வாயால், பூவுக்கு வரும் தேனீயையும் தின்னும். இலைக்குள் சுரங்கம் போடும் இலைத்துளைப்பானை அதனால் தொடவே முடியாது. அதற்குப் புதுத்தளிர் விடும்போது 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளியுங்கள். வண்ணத்துப்பூச்சிப் புழுவைக் கையால் பொறுக்கினாலே போதும்.

கவாத்தில் விழுந்த குச்சியில் கூடு இருந்தால், குப்பையோடு எரிக்காமல், நிழலான கிளை ஒன்றில் சணலால் கட்டிவிடுங்கள். தரையில் போட்டால் எறும்புக்குத்தான் விருந்து. ஆட்டுக்குத் தழையைத் தாராளமாகப் போடலாம்; அண்மையில் ரசாயன மருந்து அடித்த தழையை மட்டும் போடாதீர்கள்.