கையில் கிடைக்கும் பத்து நிமிடம்: போன் விளையாட்டு பற்றிக் கேள்வி பதில்

கேண்டி க்ரஷ், லூடோ, சாலிட்டேர் மாதிரியான சின்ன விளையாட்டுகளைப் பற்றிக் கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பெண்கள் கேட்டவை இவை. வழிமுறைகள் எல்லாம் ஆண்ட்ராய்டு போனுக்கானவை. போன் கம்பெனியைப் பொறுத்து மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும்.

லாஸ்பேட்டையிலிருந்து: அக்கா, எனக்கு 46 வயசு. போனில் கேம் ஆடினா வீட்டுல "நீ என்ன சின்னப் பிள்ளையா"ன்னு கேக்கறாங்க. என்னை மாதிரி ஆடுறவங்க வேற யாரும் இருக்காங்களா?

ஏராளமாக இருக்கிறார்கள். அமெரிக்காவில் கேம் நிறுவனங்களின் சங்கம் வெளியிட்ட 2022 அறிக்கையில் விளையாடுவோரில் 48 விழுக்காடு பெண்கள். நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. அதே ஆண்டுதான் லூடோ கிங்கும் வந்தது. 2020 ஊரடங்கில் அது வீடு வீடாகப் பரவியதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

"பெண்களுக்கு ஈசியான கேம்தான் பிடிக்கும்" என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கேண்டி க்ரஷின் பின்பகுதி லெவல்கள் எளிதே அல்ல. விஷயம் நேரம். ஒரு ஆட்டம் இரண்டு முதல் ஐந்து நிமிடம், ஒரு கை போதும், பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டுப் போனாலும் பலகை அப்படியே நிற்கும். துப்பாக்கி விளையாட்டில் பாதியில் எழுந்தால் கூட ஆடுபவர்களும் சேர்ந்து தோற்பார்கள். அதற்குத் தொடர்ந்து அரை மணி நேரமாவது வேண்டும். நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்கு யாரும் குறுக்கிடாத அரை மணி நேரம் எப்போது கிடைக்கிறது? அதனால்தான் இந்த விளையாட்டுகள் நம்மிடம் நிற்கின்றன. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: கேண்டி க்ரஷ்ல ஒரே லெவல்ல மாசக்கணக்கா நிக்கறேன். காசு கட்டாம தாண்ட வழி இருக்கா?

இருக்கிறது. முதலில், கண்ணில் பட்ட ஒரே நிற மிட்டாய் மூன்றை உடனே சேர்க்காதீர்கள். நான்கு வரிசையாகச் சேர்ந்தால் கோடு போட்ட மிட்டாய், எல் அல்லது டி வடிவில் ஐந்து சேர்ந்தால் பொட்டல மிட்டாய், நேர்க்கோட்டில் ஐந்து சேர்ந்தால் வண்ண குண்டு. நான்கைச் சேர்க்கும்போது பக்கவாட்டில் நகர்த்தினால் கோடும் பக்கவாட்டில் விழும், மேலும் கீழும் நகர்த்தினால் செங்குத்தாக விழும். எந்த வரிசை உடைய வேண்டுமோ அதைப் பார்த்து நகர்த்துங்கள்.

பலன் அதிகம் இவற்றை ஒன்றோடொன்று மோதவிடுவதில். கோடும் பொட்டலமும் மோதினால் மூன்று வரிசை, மூன்று நெடுவரிசை ஒரே அடியில் காலி. வண்ண குண்டும் கோடும் மோதினால் அந்த நிற மிட்டாய் எல்லாமே கோடாகி வெடிக்கும். தனித்தனியாக வெடித்து வீணாக்குவதுதான் பெரும்பாலானோர் தோற்கக் காரணம்.

சாக்லேட் உள்ள பலகையில் ஒரு நகர்த்தலில் ஒரு சாக்லேட்டாவது உடையாவிட்டால் அது இன்னொரு கட்டத்துக்குப் பரவும். ஆகவே அதை முதலில் கவனியுங்கள். ஜெல்லி லெவல் (கட்டங்களில் படிந்த ஜெல்லியை உடைக்க வேண்டியது) என்றால் மூலைகளை முதலில். மூலைக்குப் பக்கத்துக் கட்டங்கள் குறைவு, கடைசியில் அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். மற்ற நேரங்களில் பலகையின் அடிப்பக்கத்தில் ஆடினால் மேலிருந்து விழுபவை தாமாகவே சேர வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று: பலகை திறந்ததும் மிட்டாய்கள் கிடக்கும் விதம் பிடிக்கவில்லை என்றால், ஒரு நகர்த்தலும் செய்யாமல் வெளியே வந்துவிடுங்கள், உயிர் (ஆடும் வாய்ப்பு) போகாது. மறுபடி திறந்தால் வேறு வரிசை வரும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: போன்ல தேதியை முன்னாடி தள்ளி வெச்சா அஞ்சு உயிரும் உடனே வந்துடுதுன்னு ஓரகத்தி சொன்னாங்க. செய்யலாமா?

வேண்டாம். ஒரு உயிருக்கு 30 நிமிடம், ஐந்துக்கும் இரண்டரை மணி நேரம். தேதியைத் தள்ளிவிட்டுப் பழையபடி மாற்றினால் காத்திருப்பு நேரம் பல மணியாகக் காட்டும். தேதி தவறாக இருக்கும்வரை வாட்ஸ்அப்பும் ஜிபேயும் சரியாக வேலை செய்யாது. அந்த இரண்டரை மணி நேரத்தை நான் நல்லதாகவே பார்க்கிறேன். ஆட்டமே உங்களை எழுந்து போகச் சொல்லும் ஒரே இடம் அது. அங்கே காசு கொடுக்காதீர்கள்.

வில்லியனூரிலிருந்து: என் போனை வாங்கி ஆடின பையன் ஏதோ வைரம் வாங்கிட்டான். கணக்குல இருந்து பணம் போயிடுச்சு. திரும்பக் கிடைக்குமா?

வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் இன்றே கேளுங்கள். கூகுள் பிளே வலைத்தளத்தில் உங்கள் ஜிமெயிலால் நுழைந்து, ஆர்டர் ஹிஸ்டரியில் அந்த வைரத்தைக் கண்டுபிடித்து, பணம் திரும்பக் கேட்கும் இணைப்பை அழுத்தி, குழந்தை தெரியாமல் வாங்கியது என்று எழுதுங்கள். நேரம் கடந்திருந்தால் கேம் நிறுவனத்துக்கு நேரடியாக எழுத வேண்டும். பிளே ஸ்டோரில் அந்தக் கேமின் பக்கத்திலேயே அவர்களின் மின்னஞ்சல் இருக்கும். ஆர்டர் எண்ணைத் தவறாமல் சேருங்கள்.

அடுத்த முறை நடக்காமலிருக்க: பிளே ஸ்டோர், மேலே உங்கள் படம், செட்டிங்ஸ், அதில் பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன். பழைய போனில் ஆதென்டிகேஷன் என்று இருக்கும். ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வையுங்கள். "30 நிமிடத்துக்கு ஒருமுறை" என்பதை வைத்தால், நீங்கள் ஒருமுறை பாஸ்வேர்ட் போட்ட பிறகு அரை மணி நேரம் கதவு திறந்தே கிடக்கும். கைரேகையால் வாங்கும் வசதி இருந்தால், பையனின் விரலும் போனில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பட்ஜெட் என்று ஒரு வசதியும் உண்டு. அது எச்சரிக்கும், அவ்வளவுதான். தடுக்காது.

அரியாங்குப்பத்திலிருந்து: பெரியக்கா பாரீஸ்ல இருக்காங்க. அவங்களோட லூடோ ஆடணும், ஆனா முகம் தெரியாத ஆளுங்க வந்து "ஹாய்"னு அனுப்பறாங்க.

ஆன்லைன் ஆட்டத்துக்குள் போனால் யாரோடு வேண்டுமானாலும் சேர்த்துவிடும். நீங்கள் நண்பர்களோடு ஆடும் பகுதிக்குப் போய் ஓர் அறை திறந்து, வரும் குறியீட்டை அக்காவுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பெயரிடத்தில் சொந்தப் பெயர் வேண்டாம், படமும் வேண்டாம். ஃபேஸ்புக் மூலம் நுழைந்திருந்தால் உங்கள் படம் தானாக அங்கே போயிருக்கலாம், பார்த்து மாற்றுங்கள். செட்டிங்ஸில் சாட்டையும் நண்பர் கோரிக்கையையும் அணைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

நேரக் கணக்கு: மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறுவரை பிரான்ஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் நாலரை. இங்கே இரவு 9 என்றால் அங்கே கோடையில் மாலை 5.30, குளிர்காலத்தில் 4.30.

மஞ்சக்குப்பத்திலிருந்து: விளம்பரம் பாத்தே ஒரு நாள் டேட்டா காலியாகுது.

தனியாக ஆடும் சாலிட்டேர், சுடோகு எல்லாம் பெரும்பாலும் நெட் இல்லாமலே ஓடும். ஃபிளைட் மோடில் போட்டு ஆடுங்கள், விளம்பரம் பெரும்பாலும் வராது. அழைப்பு வர வேண்டுமென்றால் மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்தால் போதும். "விளம்பரம் பார்த்தால் ஓர் உயிர்" என்பது நீங்களே அழுத்துவது. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள். விளம்பரத்தில் காட்டும் ஆட்டம் உள்ளே அப்படியே இருக்கும் என்றும் நம்பாதீர்கள். ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் விளம்பரங்களை 2020-இல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு இதற்காகவே தடுத்தது.

பண்ருட்டியிலிருந்து: காசு வெச்சு ரம்மி ஆடுறது தமிழ்நாட்டுல தான் தப்பு, பாண்டிச்சேரிக்குப் போனா ஆடலாம்னு தோழி சொல்றா. உண்மையா?

இல்லை. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டின் 2022 சட்டம் புதுச்சேரியில் செல்லாது என்பது உண்மை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியை அந்தச் சட்டத்தின் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலிலிருந்து நீக்கியதும் உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் நாடு முழுமைக்குமானது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்கிறது அது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. பெரிய நிறுவனங்கள் அந்த மாதமே காசு ஆட்டத்தை நிறுத்திவிட்டன.

ஆகவே இப்போது டெலிகிராமில் லிங்க் அனுப்பி, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏபிகே கோப்பாக (ஆப்பை நேரடியாக நிறுவும் கோப்பு) இறக்கச் சொல்பவரிடம் மிகுந்த கவனம் வேண்டும். உங்கள் பணம் போனால் கேட்க முகவரியே இருக்காது. தோழியிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். "ஆடினால் ஆயிரம் ரூபாய்" என்னும் ஆப்களும் இதே ரகம்: 900 வரை வேகமாக ஏறும், பிறகு நகராது, அல்லது பணத்தை எடுக்க முன்பணம் கேட்கும். ஏமாந்துவிட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு. வெட்கத்தில் இரண்டு நாள் மறைத்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

நெய்வேலியிலிருந்து: புது போன் வாங்கினேன், எல்லா லெவலும் முதல்ல இருந்து வருது.

கெஸ்ட்டாக, அதாவது எந்தக் கணக்கோடும் இணைக்காமல், ஆடியிருப்பீர்கள். பழைய போன் அழியாமல் இருந்தால் அதில் கேமைத் திறந்து மின்னஞ்சல் கணக்கோடு இணைத்துவிட்டு, புதியதில் அதே கணக்கால் நுழையுங்கள். இடம் போதவில்லை என்று சுத்தம் செய்யும்போது கிளியர் கேஷ் (தற்காலிகக் கோப்புகளை மட்டும் அழிப்பது) அழுத்தலாம். கிளியர் டேட்டா அழுத்தினால், கணக்கோடு இணைக்காத ஆட்டம் முழுவதும் போய்விடும்.

பாகூரிலிருந்து: கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்குது. கேம்னாலயா?

இருக்கலாம். கட்டைவிரலை உள்ளே மடக்கி முட்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாயுங்கள். கட்டைவிரல் அடியில் சுரீரென்று வலித்தால் தசைநாண் உறை வீங்கியிருக்கக்கூடும். பிரசவித்த பெண்களுக்கும் குழந்தையைத் தூக்கித் தூக்கி இது வரும். இரண்டு வாரம் கட்டைவிரலால் ஆடாதீர்கள். போனை மேசையில் சாய்த்துவைத்து ஆள்காட்டி விரலால் தொடுங்கள். குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

காலாப்பட்டிலிருந்து: அம்மாவுக்கு 68 வயசு, கண்ணு கொஞ்சம் மங்கல். என்ன போட்டுக் குடுக்கலாம்?

மாஜாங் (ஜோடிக் கட்டைகளைப் பொருத்தும் ஆட்டம்) வேண்டாம், கட்டங்கள் பொடிசு. சாலிட்டேர் போடுங்கள். செட்டிங்ஸில் பெரிய எழுத்துள்ள சீட்டைத் தேர்ந்து, ஒவ்வொன்றாகச் சீட்டு எடுக்கும் முறையை வையுங்கள். மூன்று மூன்றாக எடுக்கும் முறை ஆரம்பத்தில் அலுப்பாக்கும். போனைப் படுக்கவைத்தால் சீட்டு இன்னும் பெரிதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். போனின் எழுத்தளவைக் கூட்டுவது கேமுக்குள் பெரும்பாலும் செல்லாது. பழைய டேப்லெட் வீட்டில் கிடந்தால் அதைக் கொடுப்பது இன்னும் நல்லது. சிம் போடாமல், வங்கி ஆப் எதுவும் இல்லாமல், ஃபிளைட் மோடில். அம்மா எதை அழுத்தினாலும் பயமில்லை.