லேவுக்கு ஆக்சிஜன் கேன் கொண்டுபோக வேண்டுமா?

"டெல்லியிலிருந்து விமானத்தில் லே போகிறோம், 62 வயது அம்மாவும் வருகிறார். மறுநாளே கர்துங் லா போகலாமா, ஆக்சிஜன் கேன் எத்தனை வாங்கட்டும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கேன் அப்புறம். லடாக்கில் லேயைவிடவும் மிக உயரத்தில் இருக்கும் மலைக்கணவாய் கர்துங் லா, மறுநாளே அங்கே வேண்டவே வேண்டாம்.

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். டெல்லியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டை அங்கே எடுத்துப் பாருங்கள், தலையணை மாதிரி உப்பியிருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைந்துவிடுவதால் உடம்பு வேகமாக மூச்சு வாங்கி ஈடுகட்டுகிறது, அதற்குப் பழகவே இரண்டு மூன்று நாளாகும்.

அங்கே மக்கள் வாழ்கிறார்களே என்று தோன்றும். பெருவில் லா ரின்கொனாடா என்ற தங்கச்சுரங்க ஊர் 5,100 மீட்டரில் இருக்கிறது. அங்கே பலருக்குச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி, ரத்தம் கெட்டியாகி, அதுவே நோயாகிவிடுகிறது. திபெத்தியர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதற்கு உதவும் ஒரு மரபணு, அழிந்துபோன டெனிசோவன் மனிதர்களிடமிருந்து வந்தது என்று 2014இல் தெரியவந்தது. குளிர்காலத்தில் நம் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துக்கோ ஹீமோகுளோபினே வேறு மாதிரி, மெல்லிய காற்றிலும் ஆக்சிஜனைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், இமயமலையைத் தாண்டியே வந்துவிடுகிறது. நமக்கு இதெல்லாம் கிடையாது, நாள்தான் வேண்டும்.

அதனால் முதல் இரண்டு நாளும் லேயிலேயே இருங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. உயர நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையை ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்குவது வழக்கம், ஆனால் அம்மாவுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, சல்பா வகை மருந்து ஒவ்வாமை ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் கர்துங் லாவைத் தாண்டி நுப்ரா பள்ளத்தாக்கில் தங்குங்கள், அது லேயைவிடத் தாழ்வு. லேயைவிட உயரமான பாங்காங் ஏரியில் இரவு தங்குவதைக் கடைசியில் வையுங்கள்.

கேன் சில நிமிடங்களுக்குத்தான் வரும், கொஞ்சம் ஆசுவாசம் தரும், அவ்வளவுதான். அதை அடித்துவிட்டு மேலே ஏறுவதுதான் ஆபத்து. லேசான தலைவலி, தூக்கமின்மை பலருக்கும் வரும், ஓய்வெடுத்தால் சரியாகும். ஆனால் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால், பேச்சு குழறினால், குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லும்போது தள்ளாடினால், உடனே மருத்துவமனைக்கோ தாழ்வான இடத்துக்கோ கூட்டிப்போங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.