பட்டியாலா பஞ்சாபிப் பல்கலைக்கழகம்: கேட்டவர்களுக்குப் பதில்

மொழிக்கென்று தொடங்கிய பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேச்சு வந்ததிலிருந்து பஞ்சாப் மாநிலத்துப் பட்டியாலாவில் உள்ள பஞ்சாபிப் பல்கலைக்கழகத்தைப் பற்றியே நிறையப் பேர் கேட்கிறீர்கள். அந்த வளாகத்தில் சில காலம் இருந்தவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பஞ்சாபில் ஏற்கெனவே பல்கலைக்கழகம் இருந்ததே, இன்னொன்று எதற்கு?

இருந்தது. லாகூரில் 1882இல் தொடங்கிய பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பங்கு, பிரிவினைக்குப் பின் சண்டிகரில் வந்து நிலைகொண்டது. ஆனால் அது பொதுப் பல்கலைக்கழகம். பஞ்சாபியின் சிக்கலோ வேறு. பிரிட்டிஷ் காலத்தில் நீதிமன்றமும் பள்ளிக்கூடமும் உருதுவில் நடந்தன. வீட்டில் பஞ்சாபி, விண்ணப்பத்தில் உருது.

சுதந்திரத்துக்குப் பிறகு சண்டை இன்னும் முற்றியது. வீட்டில் பஞ்சாபி பேசும் இந்துக்கள் பலர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி இந்தி என்று எழுதிக்கொடுத்தார்கள். 1951இல் தகராறு தாங்காமல் அந்த மாநிலத்தில் இந்தி, பஞ்சாபி இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்குக் காட்டவே முடியவில்லை. பஞ்சாபி பேசுவோருக்குத் தனி மாநிலம் கேட்டு 1960 கடைசியில் சந்த் ஃபதே சிங், அடுத்த ஆண்டு மாஸ்டர் தாரா சிங் என்று சீக்கியர்களின் அகாலி தளத் தலைவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். நேரு அசையவில்லை. இந்தச் சூட்டில்தான், பிரதாப் சிங் கைரோன் முதல்வராக இருந்தபோது, 1961இல் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. 1962 ஏப்ரல் 30இல் பல்கலைக்கழகம் பிறந்தது. மாநிலம் கேட்டவர்களுக்கு முதலில் கைக்குக் கிடைத்தது பல்கலைக்கழகம் என்பது என் கணிப்பு. பஞ்சாபி மாநிலத்துக்கு 1966 நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மொழியின் பெயரால் அமைந்த உலகின் இரண்டாவது பல்கலைக்கழகம் என்கிறார்களே, உண்மையா?

ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்கு (1925) அடுத்தது தாங்கள்தான் என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பெயரை மட்டும் பார்த்தாலும் முழுக்கச் சரியில்லை, வாரணாசியில் சமஸ்கிருதப் பல்கலைக்கழகம் 1958லேயே வந்துவிட்டது. உருது வழியில் பாடம் நடத்திய ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகம் 1918லேயே வந்துவிட்டது, பெயர்தான் அந்த ஊர் மன்னரான நிஜாமுடையது. இந்த ‘முதல், இரண்டாவது’ பட்டியலில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை.

அமிர்தசரஸை விட்டுவிட்டு ஏன் பட்டியாலா?

பட்டியாலா சமஸ்தானத் தலைநகர். பிறகு பெப்சு (பட்டியாலாவும் கிழக்குப் பஞ்சாப் சமஸ்தானங்களும் சேர்ந்த ஒன்றியம்) மாநிலத்தின் தலைநகர். 1956இல் பெப்சு பஞ்சாபோடு இணைந்தபோது அந்த அந்தஸ்து போனது. ஆனால் பெரிய கட்டடங்களும் பஞ்சாபி வேலை தெரிந்த ஆட்களும் ஊரிலேயே இருந்தார்கள், மாநில அரசின் மொழித்துறையும் அங்கேதான். முதலில் பாராதரி அரண்மனையில் நடந்தது, 1965இல் இப்போதைய வளாகத்துக்கு மாறியது. முதல் துணைவேந்தர் பாய் ஜோத் சிங். அமிர்தசரஸுக்கு 1969இல் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம் வந்தது.

மொழிக்காகத் தொடங்கிய இடத்தில் பொறியியல் எதற்கு? தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அப்படி இல்லையே?

இதுதான் முக்கியமான கேள்வி. தொடக்கத்தில் அதன் எல்லை பட்டியாலாவைச் சுற்றிப் பத்து மைல்தான். 1969இல் பட்டியாலா, சங்ரூர், பட்டிண்டா மாவட்டக் கல்லூரிகளை அதோடு இணைத்தார்கள். அன்றே அதன் குணம் மாறிவிட்டது. 1981இல் வந்த தஞ்சைப் பல்கலைக்கழகம் ஆய்வை நடுவில் வைத்தது. பட்டியாலா பி.ஏ. பரீட்சை நடத்தும் வேலையையும் தோளில் ஏற்றிக்கொண்டது.

மொழி நீர்த்துப்போய்விட்டது என்று குறை சொல்பவர்கள் அங்கேயே உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிராமத்துக் கல்லூரிப் பையன் வரலாறும் பொருளாதாரமும் பஞ்சாபியில் எழுதித் தேறுகிறான் என்றால், அது பத்து ஆய்வுக்கோவைகளைவிட மொழிக்குப் பலம். ஆனால் செலவு பெருத்துவிட்டது. கடன், சம்பளத் தாமதம், ஆசிரியர் போராட்டம் எல்லாம் சண்டிகர் நாளிதழ்களில் அடிக்கடி வருகிற செய்தி.

மொழிக்கு உருப்படியாக என்ன செய்தார்கள்?

ஹர்பன்ஸ் சிங் பதிப்பித்த நான்கு தொகுதி சீக்கியக் கலைக்களஞ்சியம் இவர்கள் வெளியீடுதான் (ஆங்கிலத்தில்). இணையத்தில் பஞ்சாபிபீடியா என்ற பஞ்சாபிக் கலைக்களஞ்சியம் இருக்கிறது. ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது ஒரு எழுத்துமுறையில் உள்ளதை இன்னொன்றுக்கு மாற்றும் எழுத்துமாற்று மென்பொருள்.

இந்தியப் பஞ்சாபி குர்முகியில், பாகிஸ்தான் பஞ்சாபி பாரசீக எழுத்துவழி வந்த ஷாமுகியில். பேசினால் லாகூர்க்காரருக்கும் லூதியானாக்காரருக்கும் புரியும். கடிதம் போட்டால் பெரும்பாலும் படிக்கத் தெரியாது. குர்பிரீத் சிங் லேஹல் தலைமையில் அங்குள்ள கணினி ஆய்வாளர்கள் ஒன்றை இன்னொன்றாக மாற்றும் மென்பொருளை உருவாக்கினார்கள்.

எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாதா என்பீர்கள். போதாது. ஷாமுகியில் குறில் உயிர்களை வழக்கமாக எழுதுவதில்லை. அலிஃப், சீன் என்று இரண்டே எழுத்து இருக்கும், அது ‘இஸ்’ (இந்த) என்பதா, ‘உஸ்’ (அந்த) என்பதா என்று வாக்கியத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மனிதக் கண் அனாயாசமாகச் செய்வதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க ஏராளமான உரைகளைத் திரட்டி, எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எது வரும் என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. எதிர்த்திசையில் வேறு தலைவலி: குர்முகியில் ஒரே ‘ஸ’, ஷாமுகியில் அதற்கு மூன்று எழுத்து. ஆங்கில இசட் (z) ஒலிக்கு நான்கு. எது எங்கே என்பதை அகராதி வைத்துத்தான் தீர்க்கலாம்.

விளையாட்டில் பெரிய பெயராமே?

ஆமாம். பல்கலைக்கழகங்களுக்கான மௌலானா ஆசாத் கோப்பையைப் பல முறை வென்றவர்கள்.

என் மகளுக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. பஞ்சாபி தெரியாது. சமாளிப்பாளா?

சமாளிப்பாள். இளங்கலையில் பஞ்சாபி ஒரு பாடமாக வரும். பள்ளியில் படிக்காதவர்களுக்கு அடிப்படைப் பஞ்சாபி என்று தனித்தாள் உண்டு. அவளுடைய படிப்புக்கு எது பொருந்தும் என்பதைச் சேரும்போதே துறையில் கேட்டுவிடுங்கள். குர்முகியின் அடிப்படை எழுத்து முப்பத்தைந்துதான், இந்தி எழுத்து தெரிந்திருந்தால் இன்னும் சுலபம். கிளம்புவதற்குள் எழுத்தை முடித்துவிடச் சொல்லுங்கள், பேச்சை விடுதித் தோழிகள் பார்த்துக்கொள்வார்கள். டிசம்பர், ஜனவரிக் குளிருக்குக் கனமான ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) ஒன்று வேண்டும். அதை இங்கிருந்து சுமக்க வேண்டாம், பட்டியாலாக் கடைத்தெருவிலேயே வாங்கிக்கொள்ளலாம்.