அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்குப் பாலியல் கல்வி எப்படிக் கிடைக்கிறது?

நான் ஜார்ஜியா மாநிலத்தில் பத்து வருடமாக நர்ஸ். கூட வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினப் பெண்கள். "அங்கேதான் பள்ளிக்கூடத்திலேயே எல்லாம் சொல்லித்தருகிறார்களே" என்று ஊரில் நினைப்பதைத்தான் நானும் நினைத்துக்கொண்டு வந்தேன். நைட் டியூட்டியில் கேட்ட கதைகள் வேறு மாதிரி.

தோழி ஒருவர் அலபாமாவில் ஒரு சின்ன ஊரில் படித்தவர். 1996இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, "கல்யாணம் வரை கூடாது" என்று மட்டும் போதிக்கும் வகுப்புகளுக்கு மத்திய அரசு வருடத்துக்கு 5 கோடி டாலர் ஒதுக்கிய காலம். வெளியிலிருந்து வகுப்பெடுக்க வந்த அம்மையார் ஒரு துண்டு செல்லோடேப்பை முன்வரிசைப் பையன் கையில் ஒட்டிப் பிய்த்தாராம். அப்புறம் அடுத்தவன் கையில், அதற்கடுத்தவன் கையில். கடைசியில் முடியும் அழுக்கும் அப்பிய டேப்பைத் தூக்கிக் காட்டி, "இது இனிமேல் எதிலாவது ஒட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். வகுப்பே தோழியைத் திரும்பிப் பார்த்திருக்கிறது. ஏனென்றால் அந்த வகுப்பில் முதலில் பிரா போட ஆரம்பித்தவர் அவர்தான். வயது 12. அதுவரை எந்தப் பையனிடமும் நோட்டுக்கூட இரவல் வாங்கியதில்லை என்கிறார்.

சீக்கிரம் வளர்ந்தது அவர் குற்றமா? 17,000 சிறுமிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1997இல் வந்தது. கறுப்பினச் சிறுமிகளுக்குச் சராசரியாக 9 வயதைத் தொடுவதற்குச் சற்று முன்பே மார்பு வளரத் தொடங்குகிறது, வெள்ளைச் சிறுமிகளுக்கு 10 வயதை ஒட்டி. ஐந்தாம் வகுப்பில் பாடம் எடுக்க வரும்போது இவர்களில் பலருக்கு உடம்பு எப்போதோ மாறத் தொடங்கியிருக்கும். 2017இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி வெளியிட்ட அறிக்கை இன்னொன்றைக் காட்டியது. 5 வயதிலிருந்தே கறுப்பினச் சிறுமிகளைப் பெரியவர்கள் வெள்ளைச் சிறுமிகளைவிடக் கள்ளம் தெரிந்தவர்களாக, பாலியல் பற்றி அதிகம் அறிந்தவர்களாகப் பார்க்கிறார்கள். என் கணிப்பில் கோளாறு இங்கேதான். ஏற்கெனவே தெரிந்தவளுக்கு யார் உட்கார்ந்து சொல்லித்தருவார்கள்? எச்சரிக்கத்தான் செய்வார்கள்.

வீட்டிலும் எச்சரிக்கைதான். தென்மாநிலக் கறுப்பினக் குடும்பங்களில் "ஃபாஸ்ட்" என்று ஒரு வசவு உண்டு. உதட்டுச்சாயம் பூசினால், மாமா வந்திருக்கும்போது அரைக்கால்சட்டை போட்டால், அவள் "ஃபாஸ்ட்". நம்மூரில் "பிஞ்சிலே பழுத்தது" என்பார்களே, அதேதான். தோழி என் கதையைக் கேட்டார். நான் வயதுக்கு வந்தபோது குச்சு கட்டினார்கள், புட்டு சுற்றினார்கள், பந்தி போட்டார்கள், என்ன நடக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை என்றேன். "ஊரையே கூப்பிட்டுச் சொன்னவர்கள் உன்னிடம் சொல்லவில்லையா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் வார்டில் யாரோ விழித்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்த அம்மாக்களை நான் குறை சொல்ல மாட்டேன். மிசிசிப்பி மாநிலத்தில் கட்டியை எடுக்கப் போன ஃபேனி லூ ஹேமருக்கு (பின்னாளில் கறுப்பின உரிமைப் போராளி) 1961இல் கேட்காமலே கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். கறுப்பினப் பெண்களுக்கு இது குடல்வாலை எடுப்பதுபோல அவ்வளவு சாதாரணமாக நடந்ததால் "மிசிசிப்பி அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்" என்று பெயரே வைத்திருந்தார்கள். 1973இல் அலபாமாவின் மாண்ட்கமரியில் 12, 14 வயது கறுப்பின அக்கா தங்கைக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய், ஊசி போடத்தான் என்று நம்பிக் காகிதத்தில் குறி போட்டிருந்தார். இப்படிப்பட்ட ஊரில் மகளிடம் "யாரையும் கிட்டே விடாதே" என்பதைத் தவிர என்ன சொல்லத் தோன்றும்?

வெளிப்படையாகப் பேசியவர்களும் இருந்தார்கள். நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியான முதல் கறுப்பினத்தவர் ஜாய்சலின் எல்டர்ஸ். சுயஇன்பம் பற்றியும் கற்பிக்கலாம் என்று ஒரு கேள்விக்குப் பதில் சொன்னதற்காக 1994 டிசம்பரில் பதவி போனது. செய்தி ஓடியபோது தோழியின் அம்மா எழுந்துபோய் டிவியை அணைத்தாராம். அதற்கும் முன்னால், 1983இல், கறுப்பினப் பெண்களின் உடல்நலத்துக்காக உழைத்த பில்லி ஏவரி என்ற பெண்மணி அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் கறுப்பினப் பெண்களுக்காக முதல் தேசிய உடல்நல மாநாட்டைக் கூட்டினார். வட்டமாக உட்கார்ந்து தன் உடம்பைப் பற்றித் தானே பேசுவது என்ற முறை அங்கிருந்து பல ஊர்களுக்குப் பரவியது. பள்ளியில் கிடைக்காததைப் பல பெண்கள் முப்பது வயதுக்குமேல் இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

இப்போது மாறிவிட்டதா என்றால், கொஞ்சம். ஜார்ஜியாவில் பாலியல் பாடம் கட்டாயம், ஆனால் கல்யாணம் வரை விலகியிருத்தலை வலியுறுத்த வேண்டும் என்பதும் சட்டம். அமெரிக்கப் பெண்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு 13 பேர். புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்படும் பெண்களில் அவர்கள் ஏறக்குறையப் பாதி. அந்த முகங்களைப் பார்க்கிற வேலை எனக்கு.

தோழியின் மகளுக்கு இப்போது 9 வயது. ஞாயிறு சமையலின்போது அவர் ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் சாதாரணமாகச் சொல்லித்தருகிறார். பீன்ஸ் உரித்துக்கொண்டே மகள் கேள்வி மேல் கேள்வி கேட்கிறாள். பக்கத்து அறையில் பாட்டி. பேச்சு ஆரம்பித்தால் டிவி சத்தம் மெல்லக் குறைகிறதாம்.