சுரங்கத்து ஊரில் அணு உலை: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் நிலக்கரியை நம்பி வாழ்ந்த ஒரு சிற்றூரில், பில் கேட்ஸ் தொடங்கிய நிறுவனம் புதுவகை அணு உலை கட்டுவதாகப் படித்தேன். அவ்வளவு பெரிய நாட்டில் அந்த ஊரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என்ன?
– வாசகர், நெய்வேலி

பதில்: வயோமிங் மாநிலத்தின் தென்மேற்கில் இருக்கும் கெம்மரர்தான் அந்த ஊர். மக்கள்தொகை ஏறத்தாழ 2,400. 1897-இல் நிலக்கரிக்காகவே எழுந்த ஊர் அது. அதன் பெயரும் சுரங்கத்தில் முதலிட்ட ஒரு பென்சில்வேனியா செல்வந்தரின் பெயரே. 1923 ஆகஸ்டில் பக்கத்து ஃபிரான்டியர் சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 99 பேர் இறந்தார்கள். அதன் பிறகும் ஊர் நிலக்கரியை விடவில்லை. 1963 முதல் அங்கே இயங்கிவரும் நாட்டன் அனல்மின் நிலையம், அருகிலுள்ள சுரங்கத்தின் கரியைக் கொண்டே ஓடியது.

அந்த நிலையத்தில் நிலக்கரி எரிப்பதை 2025-ஆம் ஆண்டோடு முடித்துக்கொள்ள அதன் உரிமையாளரான பசிபிகார்ப் திட்டமிட்டது. பில் கேட்ஸ் தொடங்கிய டெராபவர் நிறுவனம் பசிபிகார்ப்புடன் சேர்ந்து வயோமிங்கில் நிலக்கரி நிலையங்களை ஒட்டிய நான்கு இடங்களைப் பரிசீலித்து, 2021 நவம்பரில் கெம்மரரைத் தேர்ந்தது. மின்சாரத்தைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் உயர் அழுத்தக் கம்பிகள் அங்கே ஏற்கெனவே உள்ளன, தண்ணீர் வசதி இருக்கிறது, டர்பைனும் மின்மாற்றியும் பழகிய தொழிலாளர்கள் இருக்கிறார்கள். புதிதாக மின்தடம் அமைக்க நிலம் கையகப்படுத்துவதும் அனுமதி பெறுவதும் பல ஆண்டுகளை விழுங்கும் வேலைகள் என்பதால், இந்த மூன்றில் கம்பிகளையே நான் முதலில் வைப்பேன். நிலக்கரி நிலையங்களின் உள்கட்டமைப்பைப் பயன்படுத்தினால் அணுமின் நிலையத்தின் கட்டுமானச் செலவில் 15 முதல் 35 விழுக்காடு வரை மிச்சமாகலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் 2022 ஆய்வு கணக்கிட்டது. அது ஏட்டுக் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் நிலக்கரிக் கொதிகலனைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அணு உலையைப் பொருத்திவிடுவார்களா?
– வாசகர், மேட்டூர்

பதில்: இல்லை. புதிய நிலையம் பழைய நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளித் தனி நிலத்தில் எழுகிறது. பழைய கொதிகலனோ டர்பைனோ இதற்குப் பயன்படப் போவதில்லை.

நேட்ரியம் என்று பெயரிடப்பட்ட இந்த உலையின் திறன் 345 மெகாவாட். உலையின் வெப்பம் நேராக நீராவியாக மாறாமல், உருகிய நைட்ரேட் உப்பு நிரம்பிய பெரிய தொட்டிகளில் முதலில் சேமிக்கப்படுகிறது. சூரிய வெப்ப மின் நிலையங்களில் ஏற்கெனவே பயன்பட்டு வரும் உத்திதான் இது. நண்பகலில் சூரிய மின்சாரமும், காற்று வீசும் நேரத்தில் காற்றாலை மின்சாரமும் மலிவாகக் கிடைக்கும்போது உலையின் வேகத்தைக் குறைக்காமல் வெப்பத்தைத் தொட்டியில் சேர்த்துவைத்து, மாலையில் தேவை ஏறும்போது ஐந்தரை மணி நேரம் வரை 500 மெகாவாட் அளவுக்கு உற்பத்தியைக் கூட்டலாம் என்பது திட்டம். இந்த அமைப்பில் இன்னொரு ஆதாயமும் உண்டு. உப்புத் தொட்டிகளும் டர்பைனும் உலைப் பகுதியிலிருந்து விலகி நிற்பதால், அவற்றை அணுசக்தித் தரத்துக்குக் கட்டாமல் வழக்கமான தொழிற்சாலை விதிகளின்படி கட்ட முடியும். செலவு குறையும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் இதை ஒட்டியதே.

கேள்வி: சோடியம் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அதைக் கொண்டா உலையைக் குளிர்விக்கிறார்கள்?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: ஆம், திரவ சோடியத்தைக் கொண்டுதான். உங்கள் மாவட்டத்துக் கல்பாக்கத்திலேயே 1985 முதல் ஒரு சோதனை உலையில் திரவ சோடியம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் அருகே கட்டப்பட்ட 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையும் (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உருவாக்கும் உலை) சோடியத்தால் குளிர்விக்கப்படுவதே. எரிபொருளில் மட்டும் வேறுபாடு உண்டு: கல்பாக்கம் ஈனுலைக்குப் புளூட்டோனியம் கலந்த ஆக்சைடு, கெம்மரருக்கு உலோக யுரேனியம்.

சோடியம் 883 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். எனவே 500 டிகிரியைத் தாண்டிய வெப்பத்திலும் அதை அதிக அழுத்தம் இல்லாமல் திரவமாகவே வைத்திருக்கலாம். நீரால் குளிரும் உலைகளுக்குத் தேவையான, பேரழுத்தம் தாங்கும் தடித்த கலம் இதற்கு வேண்டியதில்லை. மின்சாரம் நின்றுபோனாலும் உலையில் எஞ்சும் வெப்பத்தை இயல்பான காற்றோட்டமே வெளியேற்றும்படி வடிவமைத்திருக்கிறார்கள். தண்ணீரைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கும் இந்த வடிவமைப்பில் ஓரளவு விடை இருக்கிறது. சோடியத்துக்கும் நீராவிக்கும் இடையே உப்பு நிற்பதால், பழைய சோடிய உலைகளில் பெரும் தலைவலியாக இருந்த சோடியம்–நீர் வெப்பமாற்றி இங்கே இல்லை.

ஆனாலும் காற்றுப் பட்டாலே சோடியம் எரியும். ஜப்பானின் மோஞ்சு உலையில் 1995 டிசம்பரில் சோடியம் கசிந்து தீப்பிடித்தது. அந்த உலை அதன் பிறகு நிலையாக இயங்கவேயில்லை, 2016-இல் அதைக் கைவிட முடிவெடுத்தார்கள். மறுபக்கம், ரஷ்யாவின் பிஎன்-600 உலை 1980 முதல் மின்சாரம் தந்துவருகிறது. கட்டுவோரின் கைத்திறனும் பராமரிப்பின் ஒழுங்குமே இந்த இரண்டு வரலாறுகளையும் பிரித்தன என்பது என் கருத்து. நேட்ரியம் உலையில் கதிரியக்கப் பொருள் வெளியேறாமல் தடுக்கும் வழக்கமான பருத்த கான்கிரீட் காப்புக் கூடம் இல்லை என்பதை விமர்சகர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். குறைந்த அழுத்தத்துக்கு அது தேவையில்லை என்று நிறுவனம் சொல்கிறது. அந்த விமர்சனத்தை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: சுரங்கத் தொழிலாளர்களுக்கு அணுமின் நிலையத்தில் வேலை கிடைக்குமா? ஊர் பிழைத்துக்கொள்ளுமா?
– வாசகர், மந்தாரக்குப்பம்

பதில்: கட்டுமானம் உச்சத்தில் இருக்கும்போது சுமார் 1,600 பேருக்கும், நிலையம் இயங்கத் தொடங்கியபின் காவலர்கள் உட்பட சுமார் 250 பேருக்கும் வேலை என்று நிறுவனம் கூறியுள்ளது. இந்த இரண்டு எண்களையும் ஊரின் மக்கள்தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2,400 பேர் வாழும் ஊருக்கு 1,600 தொழிலாளர்கள் சில ஆண்டுகளுக்கு மட்டும் வந்தால், வீட்டு வாடகை ஏறும், பள்ளியும் மருத்துவமனையும் திணறும். அவர்கள் போனபின் கட்டிய வீடுகளுக்கு ஆள் இருக்காது. எண்ணெயும் கரியும் ஏறி இறங்கும்போதெல்லாம் வயோமிங் ஊர்கள் பலமுறை பட்ட பாடு இது.

நிரந்தர வேலைகளைப் பொறுத்தவரை, அனல்மின் நிலையத்தில் டர்பைன், மின்கருவி, நீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றைக் கவனித்தவர்கள் உரிய பயிற்சியோடு மாறிக்கொள்ளலாம். சுரங்கத்தில் மண்வாரி இயந்திரமும் பெரிய லாரியும் ஓட்டியவர்களுக்கு அப்படி ஒரு வழி இல்லை. நிலக்கரி ஊரின் பொருளாதாரத்தில் மின் நிலையம் ஒரு பாதி, சுரங்கம் மறுபாதி. அணு உலை முதல் பாதியை மட்டுமே நிரப்பும். நாள்தோறும் ஆயிரக்கணக்கான டன் கரி தோண்டி, ஒவ்வொரு டன்னுக்கும் மாநிலத்துக்கு வரி செலுத்திய தொழிலின் இடத்தில், எங்கோ செறிவூட்டி (எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235-இன் பங்கைக் கூட்டி) லாரியில் வந்து இறங்கும் எரிபொருள் வருகிறது. வயோமிங்கில் பள்ளிக் கட்டடங்களே பல ஆண்டுகள் நிலக்கரிக் குத்தகைப் பணத்தில்தான் எழுந்தன. அந்தப் பணத்துக்கு ஈடாக ஓர் உலை எதையும் தந்துவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெம்மரர் சுரங்கத்தை நடத்திவந்த வெஸ்ட்மோர்லாண்ட் நிறுவனம் 2018-இல் திவால் மனு கொடுத்தது; ஓய்வுபெற்ற தொழிலாளர்களுக்கு அது வாக்களித்திருந்த மருத்துவச் சலுகைகள் அந்த வழக்கில் பறிபோயின. அணு உலை பற்றிய பேச்சு எழுவதற்கு முன்பே நடந்தது இது. எனவே, உலை வந்ததால் சுரங்கம் போயிற்று என்பதும் பிழை, உலை வந்தால் சுரங்கத்தார் இழந்ததெல்லாம் மீளும் என்பதும் பிழை. உலை வராமல் போயிருந்தால் ஊருக்கு இந்த 250 வேலைகளும் இருந்திருக்காது என்பது உண்மை. அதனால்தான் ஊர் மக்களில் பலர் அதை வரவேற்றார்கள்.

கேள்வி: எப்போது மின்சாரம் வரும்?
– வாசகர், கோவை

பதில்: முதலில் 2028 என்றார்கள். உலைக்கு 5 முதல் 20 விழுக்காடு வரை செறிவூட்டிய யுரேனியம் வேண்டும். அதை வணிக அளவில் விற்றுவந்தது ரஷ்யா மட்டுமே. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது; அதே ஆண்டு டிசம்பரில், குறைந்தது 2 ஆண்டு தாமதமாகும் என்று நிறுவனம் அறிவித்தது. ஓஹாயோவில் உள்ள சென்ட்ரஸ் ஆலை 2023-இல் உற்பத்தி செய்த முதல் 20 கிலோகிராம் ஒரு தொடக்கம், அவ்வளவே. கட்டுமான அனுமதிக்கு 2024 மார்ச்சில் விண்ணப்பித்து, அணுசக்தி சாராத கட்டடங்களின் வேலையை அந்த ஜூனில் தொடங்கினார்கள். கட்டி முடித்தாலும், இயக்குவதற்கென்று ஒழுங்குமுறை ஆணையத்திடம் தனி உரிமம் பெற்ற பிறகே எரிபொருளை நிரப்ப முடியும். 2030-ஐயே நான் நம்பிக்கை மிகுந்த கணக்காகக் கொள்வேன். நாட்டன் நிலையம் கரியை விடுவதற்கும் உலை ஓடுவதற்கும் இடையே விழும் அந்தச் சில ஆண்டுகளில், ஊதியம் இல்லாத சுரங்கக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டிருக்கும்.